தீர்ந்தவற்றின் பலகை

பத்தொன்பது நாளாகக் கப்பல் வரவில்லை.
ஷெட்லாந்துக்கும் மேற்கே, வரைபடத்தில்
ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் தீவு.
முப்பத்தோரு பேர். ஒரே கடை.
காற்றாலையைப் பழுது பார்க்க
இரண்டு நாளுக்கென்று வந்து மாட்டிக்கொண்டவன் நான்,
முப்பத்திரண்டாவது வயிறு.
கடைவாசலில் ஒரு கரும்பலகை,
ஒஸ்லா இஸ்பிஸ்டரின் சாய்ந்த எழுத்து.

முதலில் போனது பால்.
'ரன் அவுட்' என்று எழுதினாள்.
கிரிக்கெட் தெரியாத தீவு அது,
அந்தக் காற்றில் பந்து தரைக்கே வராது.
எனக்கு மட்டும் தெரிந்தது
கால் முளைத்த பால் ஒன்று
கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில்
ஸ்டம்ப் சிதறித் திரும்பிப் பார்ப்பது.

மூன்றாம் நாள் மாவு.
'யூஸ்டு அப்'.
ஏன் மேலே?
மூட்டைக்குள் மட்டம் விரல் விரலாய் இறங்கியதை
அவளே அளந்திருக்கிறாள்.
எரிந்தது மேலே போகும், புகையாக.
தின்றது எப்படி மேலே போகும்?
"நாம் வளர்கிறோமே, அதுதான்" என்றார் லௌரி.
எழுபத்தெட்டு வயது.
வருஷத்துக்கு வருஷம் குள்ளமாகிக்கொண்டிருப்பவர்.

ஆறாம் நாள் டீசல்.
இரவு பத்துவரை எரிந்த விளக்குகள்
ஏழரைக்கே கண்மூடின.
அதற்கு அவள் எழுதியது 'லோ'.
பொய்யில்லை, முழு நிஜமும் இல்லை.
கேட்பவர் முகத்தைப் பார்க்காமல்
சில்லறை எண்ணிக்கொண்டே சொல்ல ஏற்ற சொல்.

பத்தாம் நாள் பள்ளி ஆசிரியை ஹெஸ்டர்
டார்ச்சுக்கு பேட்டரி கேட்டு வந்தாள்.
'அவுட் ஆஃப்' என்றது பலகை.
பேட்டரிகளுக்கு ஒரு குறையும் இல்லை.
அபெர்டீன் கிடங்கில், ஈரம் படாத அட்டைப்பெட்டியில்,
சௌக்கியமாக உள்ளே இருக்கின்றன.
வெளியே நிற்பது நாம்தான்.

ஒரு சொல்லை மட்டும் அவள் எழுதவே இல்லை.
வெங்காயத்துக்கும் இல்லை, தேயிலைக்கும் இல்லை.
போன மார்ச்சில், லெர்விக் ஆஸ்பத்திரியில்,
ஓர் இளம் டாக்டர் தன் ஷூவைப் பார்த்தபடி சொன்னது:
வழிகள் எல்லாம் 'எக்ஸாஸ்டட்'.
களைப்புக்கும் அதே சொல்,
லாரியின் பின்னால் புகை கக்கும் குழாய்க்கும் அதே சொல்.
வழிகள் களைத்துவிட்டனவாம்.
டாம்மி களைக்கவில்லை.
ஜன்னலில் கடற்பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தான்,
நாற்பத்தொன்று வரை.

தீர்ந்தது என்றால் என் மொழியில்
கடனும் தீரும், நோயும் தீரும்,
வழக்குக்கு அதுவே முடிவு.
அவளுக்கு அதைச் சொல்ல முயன்றேன்.
பாதி வாக்கியத்தில் என் ஆங்கிலம் காலி.
"அப்படியானால் எல்லாம் நல்ல சேதியா?" என்று கேட்டாள்.
இல்லை, என்றேன். அரிசி தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

பதினேழாம் நாள்
பள்ளிப் பிள்ளைகள் நான்குபேர்
தொட்டுக்கொள்ள ஏதுமற்ற ஓட்ஸ் ரொட்டிகளோடு
கல்லாவுக்கு முன்னால் நின்றார்கள்.
ஒஸ்லா உள்ளே போனாள். நேரம் பிடித்தது.
கொண்டுவந்தது பாதி ஜாடி ஆரஞ்சு மார்மலேட்.
ஓரத்தில் ஒரு பள்ளம்,
வெண்ணெய்க்கத்தி சாய்வாக இறங்கி ஏறிய தடம்.
போன மார்ச்சுக்கு முந்தியது.
யாருக்கும் அவள் அதைச் சொல்லவில்லை.
நானும் பிறகு லௌரி சொல்லித்தான் அறிந்தேன்.

பிள்ளைகள் ஏன் காத்திருக்கப் போகிறார்கள்.
பள்ளம் போயிற்று, தடம் போயிற்று,
கசந்த தோல்துண்டுகளும் போயின.
சின்னவன் யூவன் சுட்டுவிரலால் அடிவரை வழித்து
ஜாடியை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினான்:
"பாலிஷ்டு ஆஃப்!"
நிஜமாகவே மின்னியது,
மெருகுக்கல் வைத்துத் தேய்த்ததுபோல.

ஒஸ்லா சுண்ணக்கட்டியை எடுத்தாள்.
பலகைக்கு முன் கொஞ்சநேரம் நின்றாள்.
பிறகு யூவனின் தாடையைத் துணியால் துடைத்தாள்,
கொஞ்சம் அழுத்தியே. அவன் கத்தினான்.

இருபதாம் நாள் கப்பல்.
முழங்கையாலேயே பலகையை அழித்தாள்.
மாவுத்தூளும் சுண்ணத்தூளும் ஒன்றாய் அப்பிய ஸ்வெட்டரோடு
என் பையை எடுத்துக் கொடுத்தாள்.
கல்லாவின் பக்கத்தில் அந்த ஜாடி.
உள்ளே சுண்ணக்கட்டிகள்,
ஒன்றரை.